கோட்டைக் காவலர் எப்போதும் ஏன் “வந்தான்”?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 29. எட்டு மாதங்களாக, வாரம் ஒரு மாலை, நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார். (தெரியாதவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசுவார்கள். கேம் மாஸ்டர் என்று ஒருவர் கதையையும் மீதி எல்லாப் பாத்திரங்களையும் நடத்துவார். வாளை வீசினாலும் சரி, பொய் சொன்னாலும் சரி, பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.) கேம் மாஸ்டரோடு சேர்த்து ஐந்து பேர். வாசகி மட்டுமே பெண். அவருடைய பாத்திரம் ஒரு வாள்வீராங்கனை.

அந்த உலகத்தில் பெண்கள் மூன்றே வகை என்கிறார்: மதுக்கூடத்தில் பரிமாறுபவள், சிறைப்பட்ட இளவரசி, மயக்கும் சூனியக்காரி. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பிரபு இவர் பாத்திரத்தின் அழகைப் புகழ்கிறான். மற்ற மூன்று பேரிடம் அதே பிரபு போரைப் பற்றிப் பேசுகிறான். இன்னொரு ஆட்டக்காரர் ஒரு பெண் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். அது பார்க்கிற ஆண்களிடமெல்லாம் குழைவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை, மேசையே சிரிக்கிறது. சென்ற மாதம் கொள்ளையர்களிடம் வாசகியின் பாத்திரம் தனியாகச் சிக்கியபோது, அவர்கள் அவளை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேம் மாஸ்டர் விரிவாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். வாசகி உறைந்துபோயிருக்கிறார். மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தும் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். பிறகு இதைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில்கள்: “அந்தக் காலம் அப்படித்தான்.” “பழைய ரூல் புக்கிலேயே பெண்ணுக்குப் பலம் குறைவுதான்.” “பிடிக்கலைன்னா நீயே கேம் நடத்து.” இதற்கிடையில் மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவர், தன் பாத்திரத்தின் குரலில், இரவு 11 மணிக்கு மேல் இவருக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறார்.

அவர் கேட்பவை: நான் மிகையாக உணர்கிறேனா? ஆண்கள் பெண் பாத்திரம் ஏற்பதையே தடுத்தால் என்ன? வெளியேறினால் தோற்றதாகிவிடாதா? கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள தோழிக்கு,

மிகை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறு பக்கக் கடிதத்தில் நான்கு இடங்களில் “ஒருவேளை என் தப்போ” என்று எழுதியிருக்கிறீர்கள்.

மனநல ஆலோசனை என் தொழில். ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக நானும் இந்த மேசையில் உட்காருகிறவள், பாதி நேரம் கேம் மாஸ்டராக. அதனால் உங்கள் கடிதம் இரண்டு பக்கமிருந்தும் என்னைக் குத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அதிகம் வெட்கப்படுவது அந்தச் சிரிப்புக்காக என்று தெரிகிறது. அருவருப்போ பயமோ எதிர்பாராமல் வந்து தாக்கும்போது, எதிர்க்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் உடம்பு நின்றுவிடுவது மிகச் சாதாரணம். சிரிப்பும் அப்படித்தான், அந்த நிமிடத்தைத் தாண்டுவதற்கு மனசு கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் சிரித்தீர்கள் என்பதற்காக அந்தக் காட்சிக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

“நடந்தது பாத்திரத்துக்குத்தானே, எனக்கு ஏன் வலிக்கிறது” என்று கேட்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் அதற்கு ப்ளீட் என்று ஒரு சொல்லே இருக்கிறது. எமிலி கேர் பாஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பாத்திரத்தின் உணர்வு ஆட்டக்காரருக்குள்ளும், ஆட்டக்காரரின் உணர்வு பாத்திரத்துக்குள்ளும் கசிவதைச் சொல்வது. கசியாவிட்டால் இந்த விளையாட்டில் சுவாரசியமே இல்லை. பாலத்தில் தனியாக நின்று எதிரிகளைத் தடுத்த அன்று வீடு வரைக்கும் மிதந்துகொண்டு போனேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதே கசிவுதான். அந்த மகிழ்ச்சி நிஜம் என்று உங்கள் நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள். அப்படியானால் இந்த வலியும் நிஜம்.

“அந்தக் காலம் அப்படித்தான்”

எந்தக் காலம்? உங்கள் குழு ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதன் விதிப்படி, டிராகன் நெருப்பில் பாதி வெந்தவர்கூட ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் போதும், இழந்த உயிர்ப்புள்ளி அத்தனையும் திரும்பிவிடும். இதை யாரும் “அந்தக் காலத்தில் காயம் புரையோடும்” என்று மறுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தீக்காயத்துக்கு வராத வரலாற்று உணர்ச்சி பெண் பாத்திரம் வந்தவுடன் மட்டும் எழுந்து உட்காருகிறதென்றால், அது வரலாறு சொன்னதைச் செய்வதாக இல்லை. எதை நிஜமாக வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று மேசையில் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். தேர்வு என்றால் அதைப் பற்றிப் பேசலாம். நீங்கள் கேம் மாஸ்டரிடம் கொண்டுபோக வேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

சரி, வரலாறே வேண்டும் என்றால் அதுவும் அவர்கள் நினைக்கும் அளவுக்கு நேர்கோடாக இல்லை. ஸ்வீடனில் பிர்கா என்ற இடத்தில் 1878-இல் தோண்டிய ஒரு வைக்கிங் காலக் கல்லறையில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள் எல்லாம் இருந்தன. நூறு வருடத்துக்கு மேல் அதை ஓர் ஆண் போர்வீரனின் கல்லறை என்றே எழுதிவந்தார்கள். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு அந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்று காட்டியது. அவள் உண்மையிலேயே போரிட்டவளா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் ஆண் என்று நினைத்திருந்த வரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இன்னொன்று: அந்தக் கல்லறையில் ஒரு முழுச் செட் ஆட்டக்காய்களும் இருந்தன. எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

பழைய ரூல் புக் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை. 1978-இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டில், மனித ஆண் போர்வீரனின் பலம் 18/00 வரை போகலாம், அதாவது உச்சம் வரை (00 என்றால் நூறு). பெண்ணுக்கு 18/50-தான் எல்லை. அதற்கும் முன்னால் 1976-இல் தி டிராகன் பத்திரிகையின் மூன்றாம் இதழில், பெண் பாத்திரங்களுக்குக் கவர்ச்சித் தலைமை (கரிஸ்மா) என்ற மதிப்பெண்ணுக்குப் பதிலாக ‘அழகு’ என்று ஒன்றை வைக்கலாம் என்று கட்டுரையே வந்தது. நடந்ததுதான். ஆனால் அவர் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டார். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு பலத்துக்கான அந்த எல்லையை எடுத்துவிட்டது. நீங்கள் ஆடும் 2014 பதிப்போ, ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் தனிச் சலுகையும் இல்லை, தடையும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பால் அடையாளத்தை ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே பக்கங்களில் இருக்கிறது. ஆண்களுக்குச் சராசரியாகத் தசை பலம் கூடுதல்தான். ஆனால் கூட்டத்தில் ஒருவராகக் காணாமல் போவதற்காக யாரும் பாத்திரம் உருவாக்குவதில்லையே. உங்கள் குழுவிலிருக்கும் மந்திரவாதி எந்தச் சராசரியில் வருகிறார்?

நீங்களும் ஓரிடத்தில் “இது ஆண்கள் ஆண்களுக்காக உருவாக்கிய விளையாட்டு, நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது 1974. அடுத்த வருடமே, 1975-இல், லீ கோல்ட் என்ற பெண் இதைப் பற்றிய வாசகர் இதழ் ஒன்றைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொகுத்து நடத்தினார். அந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தில் ஜீன் வெல்ஸ் 1979-இல் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். இன்றைக்கும் எல்லோரும் விரும்பி ஆடும் ரேவன்லாஃப்ட் என்ற சாகசக் கதை, 1983-இல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் சேர்ந்து உருவாக்கியது. லாராவின் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான், வரவேற்பும் எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. அதற்காக விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார வேண்டியதில்லை.

இனி என் பக்கக் குத்தல். கேம் மாஸ்டர் வேண்டுமென்றே உங்களைச் சிறுமைப்படுத்துகிறார் என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு நீண்ட கேம்பெய்னின் (பல மாலைகள் தொடரும் ஒரே கதை) குறிப்பேட்டைப் புரட்டி, நான் பெயர் வைத்த பாத்திரங்களை எண்ணினேன். 23 பேர். பெண்கள் 4. அதில் இரண்டு பேர் மருத்துவச்சி, ஒருத்தி யாருக்கோ அம்மா, ஒருத்தி பேய். எழுதியது நான், ஒரு பெண். பகடை உருண்டுகொண்டிருக்கும்போது யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்ததைச் சொல்கிறோம். வாயில் முதலில் வருவது, எங்கேயோ கேட்டுக் கேட்டுப் படிந்துபோனது.

தமிழில் ஆடும்போது இது இன்னும் பளிச்சென்று தெரியும். நம் வினைச்சொல் வாலிலேயே ஆளின் பாலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. “கோட்டை வாசலில் ஒரு காவலன் நின்றான், கேட்டான், தடுத்தான்” என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த ஊர்க் காவல்படை முழுக்க ஆணாகிவிட்டது. யாரும் முடிவெடுக்கவில்லை, விகுதி எடுத்துவிட்டது. 1989-இன் இரண்டாம் பதிப்பு, ஆண்பால் பிரதிப்பெயரை மட்டுமே பயன்படுத்தியிருப்பதாகவும் அது யாரையும் விலக்குவதற்காக அல்ல என்றும் ஒரு குறிப்பே போட்டது. அந்தக் குறிப்பு தேவைப்பட்டதிலேயே விஷயம் இருக்கிறது. ஆனால் நமக்கு ‘காவலர் வந்தார்’ என்று ஒரு வசதியான வழி இருக்கிறது. அதற்குப் பிறகு முகக்கவசத்தைக் கழற்றும்போது உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போதெல்லாம் நான் அப்படித்தான் சொல்கிறேன். பெயர்ப் பட்டியலையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறேன், பாதிக்குப் பாதி. செய்து பாருங்கள் என்று உங்கள் கேம் மாஸ்டரிடம் சொன்னால் அவர் தோளில் ஒரு பாரமும் ஏறாது.

கொள்ளையர் காட்சி வேறு கணக்கு. அது விகுதிப் பிரச்சினை இல்லை. நான்கு பாத்திரங்களில் உங்களுடையதை மட்டும் தனியாக்கி, அந்த ஒரு வகை ஆபத்தை மட்டும், உங்களைக் கேட்காமல் கொண்டுவந்து, விரிவாகவும் சொன்னால், நோக்கம் என்னவாக இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும்.

இதைச் சொன்னவுடன் “அப்படியென்றால் விளையாட்டில் கொடுமையே வரக்கூடாதா” என்று கேட்பார்கள். வரலாம். ஜேசன் மார்னிங்ஸ்டார் வடிவமைத்த நைட் விட்சஸ் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஒட்டுப்பலகை விமானத்தில் இரவில் பறந்து குண்டு போட்ட சோவியத் பெண் விமானிகள்தான் பாத்திரங்கள். எதிரியின் குண்டு ஒரு பக்கம், சொந்த ராணுவத்தின் ஏளனம் இன்னொரு பக்கம். பெண் என்பதற்காக வரும் அவமானம் அதில் கதையின் மையம். ஆனால் உட்காருகிற எல்லோருக்கும் அது முன்பே தெரியும், தெரிந்தே வருகிறார்கள். எல்லாப் பாத்திரமும் அதைச் சேர்ந்து சுமக்கிறது. சுமையைக் கதையாக்குவது வேறு, மேசையில் ஒருத்தி தலையில் மட்டும் அதை ஏற்றி வைத்துவிட்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

உங்கள் வீராங்கனை ஏன் அழுவதே இல்லை?

கேட்காமலே ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தேன். அவள் பயப்படுவதில்லை. உதவி கேட்பதில்லை. யாரையும் காதலிப்பதில்லை. திட்டம் தவறினால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. “நான் சொதப்பினால் பெண்களுக்கு விளையாடத் தெரியாது என்பார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

மேசையில் ஒரே ஒரு பெண் இருந்தால் இப்படித்தான் ஆகிறது. மற்றவர்கள் தங்களுக்காக ஆடுகிறார்கள், நீங்கள் ஓர் இனத்துக்கே பிரதிநிதியாக ஆடுகிறீர்கள். உங்கள் நண்பரின் திருடன் பொறியில் காலை வைத்து மூன்று முறை செத்துப் பிழைத்தால் அது சிரிப்பு. உங்கள் பகடையில் 1 விழுந்தால் அது சாட்சியம். இதில் நீங்கள் அறியாமல் செய்துகொண்ட ஏற்பாடு என்னவென்றால், கேம் மாஸ்டர் பெண்களை மூன்று வகையாக்கினார், நீங்கள் அதற்குப் பதிலாக நான்காவது வகை ஒன்றைச் செதுக்கினீர்கள்: எதற்கும் அசையாதவள். அவளும் ஓர் அச்சுதான். நல்ல பெண் பாத்திரம் என்றால் பலமான பெண் பாத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். பேராசைக்காரி, கோழை, கணக்கில் புலி, பழிவாங்கக் கிளம்பி வழியில் மனம் மாறியவள், இப்படிப் பத்துப் பேர் அந்த உலகத்தில் நடமாடினால் உங்கள் வீராங்கனை ஒருத்தியே எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியிருக்காது. அதனால்தான் கேம் மாஸ்டரிடம் “பெண்களைக் கௌரவமாகக் காட்டுங்கள்” என்று கேட்பதைவிட “பெண்களை அதிகமாகக் காட்டுங்கள்” என்று கேளுங்கள் என்பேன். எண்ணிக்கை கூடினால் வகையும் கூடும். கௌரவம் அதன் பின்னால் வரும்.

ஆண்கள் பெண் பாத்திரம் ஏற்கலாமா?

ஏற்கலாம். தடுக்க வேண்டும் என்ற உங்கள் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. தன்னைப் போல் இல்லாத ஒருவராக இரண்டு மணி நேரம் பேசிப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டு தரும் அரிய விஷயம். தடை போட்டால் முதலில் இழப்பது, பாத்திரத்தின் வழியாகத் தன் பாலினத்தைத் தயங்கித் தயங்கி விசாரித்துப் பார்க்கும் ஆட்கள். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் ஆலோசனைக்கும் வந்திருக்கிறார்கள். முதல் முறை தனக்குப் பிடித்த பெயரில், தனக்குப் பிடித்த விகுதியில் யாரோ தன்னைக் கூப்பிட்டது ஒரு விளையாட்டு மேசையில்தான் என்று ஒருவர் சொன்னது மறக்கவில்லை. பெண்ணுக்கு ஆணாக ஆடிப் பார்க்கவும் அதே கதவுதான் திறந்திருக்கிறது. அதை நாமே சாத்த வேண்டாம்.

உங்கள் நண்பரின் சிக்கல் பெண் பாத்திரம் ஏற்றது அல்ல, ஒரே ஒரு நகைச்சுவையை எட்டு மாதமாகச் சொல்வது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பாத்திரத்தின் குரலிலேயே கேட்டாலும் சரி: “உனக்கு என்னதான் வேண்டும்? எதற்காக இந்தப் பயணத்தில் வந்தாய்?” பதில் சொல்ல முயன்றாலே அந்தப் பாத்திரம் மாறத் தொடங்கும். பதிலே இல்லையென்றால், அது பாத்திரம் அல்ல, கேலிப்படம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இரவுச் செய்திகள்

இதை ஏன் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், “இதுவும் நடக்கிறது” என்று ஒற்றை வரியில் போட்டீர்கள்? எனக்கு இதுதான் முதல் பக்கம்.

பாத்திரத்தின் பேச்சு மேசையில், எல்லோர் முன்னிலையிலும், ஆட்ட நேரத்தில் நடப்பது. ஆட்டம் முடிந்த பிறகு, தனியாக, நள்ளிரவை ஒட்டி வரும் கொஞ்சல் செய்தியை அனுப்புவது எந்த வீரனும் அல்ல, போன் வைத்திருக்கும் ஒரு மனிதர். பாத்திரக் குரல் அவருக்கு ஒரு முகமூடி. நீங்கள் ஒத்துப்போனால் காதல், மறுத்தால் “சும்மா விளையாட்டுக்கு.” அதனால் நீங்கள் பாத்திரத்தின் குரலில் பதில் சொல்லாதீர்கள், மழுப்பலாகக்கூட. உங்கள் சொந்தப் பெயரில், அவருடைய சொந்தப் பெயருக்கு, ஒரே ஒரு முறை: “ஆட்டத்துக்கு வெளியே இப்படிச் செய்தி அனுப்ப வேண்டாம். எனக்கு விருப்பமில்லை.” காரணம் சொல்லத் தேவையில்லை. மன்னிப்பும் சிரிப்பு முகமும் வேண்டாம்.

பழைய செய்திகளை அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். நிறுத்திவிட்டால் நல்லது, அதோடு முடிந்தது. தொடர்ந்தால் அவரைத் தடை செய்துவிட்டு கேம் மாஸ்டரிடம் சொல்லுங்கள். மிரட்டலாகவோ ஆபாசமாகவோ மாறினால் அது குழுவுக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் தொடரும் தொல்லையைப் பல நாட்டுச் சட்டங்கள் குற்றமாகவே பார்க்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்து விதி என்னவென்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் குழு உடைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். உடையலாம், மறுக்கவில்லை. ஆனால் உடைத்தது செய்தி அனுப்பியவர்.

கேம் மாஸ்டரிடம் பேசுவது

மேசையில், எல்லோர் முன்னால், ஆட்டத்தின் நடுவே பேச வேண்டாம். நாலு பேர் பார்க்கும்போது யாரும் தன் தவற்றை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தனியாக, வேறொரு நாள். “உன் உலகம் பெண்களை மதிக்கவில்லை” என்று ஆரம்பித்தால் அவர் வாதாடுவார், பிர்காவைத் தேடுவார், மாலை போய்விடும். “அந்தக் காட்சியில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். இதை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் இது உங்கள் வயிறு.

அப்புறம் கேளுங்கள்: ஒரு செஷன் ஸீரோ வைக்கலாமா? பகடையே உருட்டாமல், இந்தக் கதையில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று பேசும் சந்திப்பு. தொடக்கத்தில் வைப்பது வழக்கம், நடுவில் வைத்தாலும் குற்றமில்லை. 2020-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் துணை நூல் ஒன்றிலேயே இதற்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே இது நீங்கள் கண்டுபிடித்த நோவு இல்லை. அதில் இரண்டு பட்டியல் போடுவார்கள். ஒன்று கோடு: அறவே வரக்கூடாதவை. இன்னொன்று திரை: நடந்ததாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் விவரிக்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விட வேண்டும். ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2003-இல் எழுதிவைத்த பிரிவு இது. உங்கள் பாத்திரத்தின் மீது பாலியல் வன்முறை, மிரட்டலாகக்கூட, கோட்டுக்கு அந்தப்பக்கம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பட்டியலுக்கு விளக்கம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. மற்றவர்களும் தங்கள் பட்டியலைச் சொல்லட்டும். சிலந்தி வேண்டாம் என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லுவார் பாருங்கள், அன்றைக்குத்தான் மேசை கொஞ்சம் சமமாகும்.

எக்ஸ் கார்டு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேசையின் நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சி அப்படியே விடப்படும், காரணம் கேட்கக்கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கியது, நல்ல கருவி. ஆனால் என் அனுபவத்தில், வாய் திறந்தால் கேலி செய்யும் மேசையில் அட்டையைத் தொடவும் கை வராது. உறைந்துபோனவரால் கை நீட்ட முடியாது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதனால் முன்பேச்சுதான் முதலில். அட்டை அதற்கு அப்புறம்.

வெளியேறுவது பற்றி

கேம் மாஸ்டர் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது மாறினால், தடுமாறினாலும் பரவாயில்லை, இருங்கள். கேட்டுவிட்டு அடுத்த செஷனில் அதை மேசையில் ஜோக்காக்கினால் அன்றே எழுந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் நிலைமைதான் சிரமம்: ஒப்புக்கொள்வார், மறந்துபோவார். அதற்கு நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரிடமும் அறிவிக்க வேண்டாம்.

பெண்கள் மட்டும் ஆடும் குழு தேடலாமா என்றால், தாராளமாக. பிரதிநிதியாக இருக்கும் வேலை அங்கே ஒரே நாளில் போய்விடும், அது பெரிய விடுதலை. ஆனால் அங்கேயும் செஷன் ஸீரோ கேளுங்கள். பெண்கள் எழுதும் கதையிலும் இரண்டு மருத்துவச்சியும் ஒரு பேயும்தான் வந்தார்கள் என்று மேலே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

“நீயே கேம் நடத்து” என்றது உங்களை வாயடைக்கச் சொன்னது. சாப்பாடு சரியில்லை என்றால் நீயே சமைத்துக்கொள் என்பது போல. அதை நிபந்தனையாக ஏற்க வேண்டாம். ஆனால் அந்தப் பாலத்துக் காட்சியை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், மூடுபனி, அறுந்த கயிறு, எதிர்க்கரையில் தெரிந்த ஒற்றைத் தீப்பந்தம் எல்லாம், உங்களுக்குக் கேம் நடத்த வரும் என்றுதான் தோன்றுகிறது. யாரும் சவால் விடாத ஒரு நாளில், மூன்று பேரை உட்காரவைத்து ஒரே ஒரு மாலைக் கதை நடத்திப் பாருங்கள்.

வெளியேறுவது தோல்வியா என்று கேட்டீர்கள். இந்த விளையாட்டில் வெற்றி தோல்வி கணக்கே கிடையாதே.

பின்குறிப்பில் கேட்டது

“என் வீராங்கனைக்கு ஊரில் ஒரு மகள் இருப்பதாக ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. எழுதினால் அவள் பலவீனமாகத் தெரிவாளா?”

எழுதுங்கள். என்ன வயது, அம்மா இல்லாதபோது யாரிடம் வளர்கிறாள், அம்மா போருக்குப் போவதைப் பற்றி அவளுக்கு என்ன கோபம், எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதிய காகிதத்தைக் கேம் மாஸ்டரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: அவளைக் கடத்தக்கூடாது, கொல்லக்கூடாது, அவளை வைத்து அம்மாவை மிரட்டக்கூடாது. கடிதம் போடலாம். அடம் பிடிக்கலாம். பத்து வயதானதும் தனக்கும் ஒரு வாள் வேண்டும் என்று கேட்கலாம்.